எரியப் பிறக்காதவள்

எண்ணெய் பேசுமா, குடம் பேசுமா என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதையில் அதுகள்தான் பேசும். மனுஷர்கள் நடுநடுவே வந்து போவார்கள்.

ஒரு கடலோரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இருந்தது. ஆலைக்கு நடுவில் இரும்பில் ஒரு கோபுரம். ஒருநாள் கப்பலிலிருந்து கச்சா எண்ணெய் வந்து இறங்கினாள். கறுப்பு, கனம், ஏகப்பட்ட நாற்றம். வழியில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவள் எதையும் கண்டுகொள்ளவில்லை. நிறைமாதக்காரி, அவளுக்கு அவள் கவலை. கோபுரத்தின் அடியில் வைத்து நல்ல சூடு காட்டினார்கள், பிரசவம் ஆனது. தாய் அதோடு இல்லாமல் போனாள். பிள்ளைகளாகவே பிரிந்துவிட்டாள் என்று சொல்வதுதான் சரி.

பிள்ளைகள் ஆளுக்கொரு மாடியில் குடியேறினார்கள். உச்சியில் சமையல் கேஸ். அடுத்த மாடியில் பெட்ரோலும் நாப்தாவும். அதற்குக் கீழே மண்ணெண்ணெய். அவளுக்கும் கீழே டீசல். எல்லாருக்கும் அடியில், பாவம், தார்.

நாப்தா என்றால் பலருக்குத் தெரியாது. பங்க்கில் கேட்டால் கிடைக்க மாட்டாள். பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரி இருப்பாள். நெருப்பைக் காட்டினால் குப்பென்று பிடித்துக்கொள்வாள், அதில் உடன்பிறந்தவர்களுக்கு அவள் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை. இது அவளுடைய கதை.

கொஞ்ச நாள் வரைக்கும் எல்லாரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். அப்புறம் ஆலைக்காரர்கள் இரண்டு பேர் தொட்டிகளின் பக்கம் பேசிக்கொண்டு போனார்கள்.

"டீசலை லாரிக்கு ஏத்திடு. மண்ணெண்ணெய் ரேஷனுக்கு. நாப்தாவை மட்டும் தொடாதே. பக்கத்து கம்பெனிக்காரங்க கேட்டிருக்காங்க."

"எரிக்கவா சார்?"

"எரிக்க இல்லப்பா. பிளாஸ்டிக் சாமான் செய்ய. குடம், பக்கெட், நாற்காலி எல்லாம் அதுலேர்ந்துதானே வருது?"

அவ்வளவுதான். நாப்தாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. மற்றவர்கள் எரிபொருளாம், அவள் மூலப்பொருளாம்! அன்றிலிருந்து அவள் நடையே மாறிவிட்டது. மண்ணெண்ணெய் பக்கத்துக் குழாயில் வந்தால்கூடத் தள்ளி நின்றாள்.

"வாங்க மகாராணி, காலையில என்ன பலகாரம்?" என்று டீசல் சீண்டினான்.

"நீ லாரி வயித்துக்குள்ளே போய்ப் புகையாப் போ. உனக்கு எதுக்கு என் பேச்சு?" என்றாள் நாப்தா. "நான் எரியப் பிறந்தவ இல்ல. நாலு பேர் வீட்ல ஒரு பொருளா இருக்கப் போறவ."

மண்ணெண்ணெய்க்கு அக்கா நாப்தா என்றால் உயிர். அவளுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. "நம்ம வீட்ல ஒருத்தியாவது தப்பிச்சாளே, அது போதும்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாள். பிரிகிற நாளில் குழாய் வாயில் வந்து நின்றாள்.

"அக்கா, குடமா ஆனப்புறமும் எங்களையெல்லாம் நினைச்சுக்குவியா?"

"நீங்கள்லாம் இருந்தாத்தானே நினைக்கிறதுக்கு?" என்றாள் நாப்தா.

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். மண்ணெண்ணெய் சிரிக்கவில்லை. பத்திரமாப் போயிட்டு வா என்று மட்டும் சொன்னாள். குழாய் திறந்தது, நாப்தா போய்விட்டாள்.

போன இடத்தில் மாலை மரியாதையோடு வரவேற்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். நேராக ஓர் உலைக்குக் கொண்டுபோனார்கள். மெல்லிய குழாய்க்குள் அவளை ஓடவிட்டு, வெளியே சுற்றிச் சுற்றி நெருப்பு வைத்தார்கள். அம்மாடி! கோபுரத்தில் பட்ட சூடெல்லாம் இதற்கு முன்னால் வெந்நீர். அவள் உடம்பு பொடிப்பொடியாக உடைந்தது. உடைந்ததில் உருப்படியான துண்டுகளைச் சாமான் செய்ய ஒதுக்கினார்கள். கடைசியில், ஒன்றுக்கும் ஆகாத லேசான வாயு ஒன்று அவள் வயிற்றிலிருந்து நழுவி வெளியே வந்தது. பிறந்து முகம் பார்க்கவில்லை, அதற்குள் குரல் கொடுத்தது.

"அம்மா!"

"இதை என்ன சார் பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

"எப்பவும் பண்றதுதான். இது சாமானுக்கு ஆகாது. உலைக்கே திருப்பி விடு. அடுப்புக்கு ஆச்சு."

அந்தப் பிள்ளையை அதே உலையின் அடியில் கொண்டுபோய் எரித்தார்கள். அது எரிந்த சூட்டில்தான் அவளுடைய மிச்சம் உடைந்தது. அம்மா என்று இன்னொரு தரம் கேட்டது. அவளுக்குக் காது நன்றாகவே கேட்டது. திரும்பிப் பார்த்திருக்கலாம், என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், எரியப் பிறந்த ஒன்றை அவளே பெற்றாள் என்று ஆகிவிடுமே! "யாரையோ கூப்பிடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழாயோடு ஓடிப்போனாள். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. அரிசி மாதிரி மணிமணியாக ஆனாள். மூட்டையில் ஏறி இன்னோர் ஊருக்குப் போனாள். அங்கே உருக்கி, மஞ்சள் சாயம் சேர்த்து, அச்சில் ஊதினார்கள். வெளியே வந்தபோது நல்ல இடுப்பும் கழுத்துமாக ஒரு மஞ்சள் குடம்.

வடசென்னையில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு தெருவில், பவுனு என்கிற பெண்ணின் வீட்டுக்கு அந்தக் குடம் வந்து சேர்ந்தது. பவுனு மீன் கழுவி விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மகள் சுகந்தி பிரசவத்துக்குத் தாய் வீடு வந்து, பச்சைப் பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாள்.

அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. அதனால் விடிந்ததும் ஆளுக்கொரு குடத்தைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை எடுத்துவிட்டால் இடம் போச்சு. இன்னொரு சட்டமும் உண்டு, ஓட்டைக் குடம் இடம் பிடிக்காது. யாரோ ஒருத்தி தண்ணீர் நிற்காத ஓட்டைக் குடங்களையெல்லாம் முன்னால் வைத்து ஏமாற்றியதிலிருந்து இந்தச் சட்டம். அதைக் காப்பாற்றுவதற்கென்றே ரோசலின் என்கிற அம்மாள் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

ஆள் இல்லாத நேரத்தில் குடங்கள் என்ன செய்யும்? பேசும். மஞ்சள் குடம்தான் அங்கே பேச்சாளி.

"எங்க வீட்ல எல்லாம் எரிஞ்சு போச்சுங்க. நான் ஒருத்திதான் பொருளா ஆனவ. என்னையெல்லாம் அடுப்புகிட்டவே கொண்டுபோகலை தெரியுமா? பூவை எடுக்கற மாதிரி எடுத்து அச்சில வார்த்தாங்க."

"நெருப்பே இல்லையாக்கா?" என்று கேட்கும் சிவப்புக் குடம்.

"சேச்சே! நெருப்பா? அதெல்லாம் எரியப் பொறந்ததுங்களுக்கு."

பக்கத்தில் நிற்கும் நீலக் குடம் விழுந்து விழுந்து சிரிக்கும். "அப்படிச் சொல்லுக்கா! நாம யாரு, அதுங்க யாரு?" என்று எடுத்துக் கொடுக்கும். தினம் இதே பேச்சு. தினமும் புதுசாகக் கேட்கிற மாதிரி எல்லாக் குடங்களும் கேட்கும்.

ஒருநாள் காலையில் மீன்பாடி வண்டி ஒன்று திரும்பும்போது வரிசையில் லேசாக உரசியது. மற்றதெல்லாம் ஆடி நின்றன. மஞ்சள் குடம் மட்டும் உருண்டுபோய் நடைபாதைக் கல்லில் மோதியது. இடுப்பில் ஒரு விரிசல், விரல் நீளத்துக்கு.

ரோசலின் படியைவிட்டு இறங்கி வந்தாள். குடத்தை அதன் இடத்திலேயே நிமிர்த்தி வைத்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். விரிசல் வழியாகத் தண்ணீர் ஒழுகி மண்ணில் இறங்கியது.

"ஏய் பவுனு! உன் கொடம் ஓட்டை. எடுத்துக்கினு போ."

பவுனு முந்தானையை உதறிக்கொண்டு ஓடிவந்தாள். "ரோசலினக்கா, உனுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? வூட்ல பச்சப் புள்ள கீது. துணி அலச ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"அதுக்கு இன்னா பண்ண சொல்ற? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். எம் பொண்ணா இருந்தாலும் இதான் சொல்வேன்."

"வேற கொடம் இல்லக்கா. இதையே ஒட்டிடறேன். லாரி வர்றதுக்குள்ள ஒட்டிட்டா?"

ரோசலின் கொஞ்சம் யோசித்தாள். "இடத்த வுட்டு எடுக்காம ஒட்டு. எடுத்தா எடுத்ததுதான்."

சரி, குடம் அடுப்புக்குப் போக முடியாது, அடுப்புதான் குடத்துக்கு வர வேண்டும். பவுனு உள்ளே போய்த் திரி ஸ்டவ்வைத் தூக்கிவந்து தெருவிலேயே வைத்தாள். கூடவே ஒரு பழைய கத்தி, உடைந்த பிளாஸ்டிக் மக்கின் கைப்பிடி. கத்தியைக் காயவைத்து, கைப்பிடியை உருக்கி, விரிசலின் மேல் இழுத்துத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். அந்தத் தெருவில் இது தெரியாத பெண் கிடையாது. ஸ்டவ்வைக் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, அடியில கொஞ்சந்தான் கீது. கடவுளே, பாதியில அணைஞ்சுடப் போவுது."

நெருப்புக் குச்சியைக் கிழித்து வைத்தாள். திரி பிடித்துக்கொண்டது.

"அக்கா!" என்றது ஒரு குரல்.

மஞ்சள் குடத்துக்கு மேலெல்லாம் கூசியது. தெரியாதா பின்னே? ஒரே கோபுரத்தில் பிறந்து, அடுத்தடுத்த மாடியில் இருந்தவள். ரேஷன் கடை, கறுப்பு டின், பவுனு வீட்டுப் பரண் என்று எங்கெங்கோ சுற்றி, மண்ணெண்ணெய் அவள் காலடிக்கே வந்து எரிந்துகொண்டிருந்தாள்.

"நீதானா அக்கா? மஞ்சள் உனக்கு எவ்ளோ நல்லா இருக்கு! நிஜமாவே குடம் ஆயிட்டியே! என்னைத் தெரியுதா?"

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. நீலக் குடம் கேட்டே விட்டது.

"யாருக்கா அது? சொந்தம் மாதிரி கூப்பிடுது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் மஞ்சள் குடம். "எரியறதுங்களுக்குப் பார்க்கிறவங்க எல்லாம் அக்காதான்."

குடங்கள் கொல்லென்று சிரித்தன. தீ ஒரு நொடி சுருங்கித் திரிக்குள் போனது. அப்போது மஞ்சள் குடத்துக்குப் பக்கென்றது. தங்கச்சி மனசு நோகிறதே என்றா? அதுதான் இல்லை. அணைந்துவிட்டால் என் ஓட்டை என்ன ஆகும் என்று பக்கென்றது. அப்படி நினைத்ததை அவளே கவனித்தாள், கவனித்தது இன்னும் மோசமாக இருந்தது.

"பயப்படாதே" என்றாள் மண்ணெண்ணெய், தாழ்ந்த குரலில். "அணைய மாட்டேன். ஒட்டி முடியற வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிறேன். உனக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்ல, எனக்குத் தெரியுதே."

பவுனு கத்தியைத் தீயில் காட்டினாள். கைப்பிடி சொட்டுச் சொட்டாக உருகியது. விரிசலின் ஒரு ஓரத்தில் வைத்து இழுத்தாள். குடத்துக்குச் சுரீரென்றது, கத்த வாய் வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் அக்கா" என்றாள் மண்ணெண்ணெய். "நீ போன இடத்துல நெருப்பே இல்லையாமே? டின்ல கிடக்கும்போது வெளியில நீ பேசறது கேட்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பயமே போச்சு. நாம எல்லாரும் எரிஞ்சாலும், நம்ம வீட்ல ஒருத்தி நெருப்பையே பார்க்காம இருக்கான்னு ஒரு ஆறுதல். அது உண்மைதானே?"

மஞ்சள் குடத்துக்கு உலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது, கேட்கிறவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆனால் நீலக் குடம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றாள். "நெருப்பே இல்ல."

"அப்பாடா" என்றாள் மண்ணெண்ணெய்.

தங்கச்சியின் ஆறுதலைக் கெடுக்கக் கூடாதென்றுதான் பொய் சொன்னேன் என்று மஞ்சள் குடம் பிற்பாடு சொல்லியிருந்தால் நாமும் நம்பியிருப்போம். அவளால் சொல்ல முடியவில்லை. யாருக்காகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியும்.

பவுனு வேகவேகமாக இழுத்தாள். பாதி விரிசல் மூடியது. முக்கால் மூடியது. தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"வந்துட்டான்டி! சீக்கிரம் பவுனு!" என்று ரோசலினே இப்போது கத்தினாள். சட்டம் பேசின வாய்தான், அதற்காக மனசு இல்லாமல் போய்விடுமா?

எண்ணெய் தீர்ந்துபோய்த் திரி கருக ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் தன்னிடம் இருந்ததையெல்லாம் வழித்தெடுத்து ஒருமுறை நிமிர்ந்து எரிந்தாள். பவுனு கத்தியைக் காட்டி, கடைசிச் சொட்டை உருக்கி, விரிசலின் முனையில் வைத்துத் தேய்த்தாள். ஒட்டிக்கொண்டது. ரோசலின் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

"ம், நிக்கட்டும்" என்றாள். பவுனு அப்படியே தரையில் உட்கார்ந்து நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"தங்கச்சி" என்றாள் மஞ்சள் குடம்.

பதில் இல்லை. ஸ்டவ்விலிருந்து ஒரு இழை புகை வந்தது, அதுவும் நின்றது.

"தங்கச்சி! ஏய், உன்னைத்தான்டி! எனக்குத் தெரியும். பார்த்தவுடனே தெரியும்."

பவுனு ஸ்டவ்வை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லாரியைப் பார்க்க ஓடினாள். குடங்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

"பார்த்தீங்களா, கத்தியைச் சுட்டு வெச்சும் நம்ம அக்காவுக்கு ஒண்ணும் ஆகலை!" என்றது சிவப்புக் குடம். "எரியப் பொறந்தவளா இருந்தா இந்நேரம் சாம்பல்!"

"வாயை மூடு" என்றாள் மஞ்சள் குடம்.

அவள் ஒருநாளும் அப்படிப் பேசினதில்லை.

"இப்போ எரிஞ்சது என் கூடப்பிறந்த தங்கச்சி. தெரியாதுன்னு சொன்னேன். பொய். அவ என் ஓட்டையை அடைக்கிறதுக்காக கடைசிச் சொட்டு வரைக்கும் எரிஞ்சா; நான் உங்க முன்னாடி மானம் போயிடும்னு நின்னேன். நெருப்பில்லாம வந்தேன்னு தினம் சொன்னேனே, அதுவும் பொய். உலையில போட்டுத்தான் உடைச்சாங்க. எனக்கு அங்கே ஒரு பிள்ளை பிறந்துச்சு. லேசா, ஒண்ணுக்கும் ஆகாத பிள்ளை. அதைத்தான் அடியில வெச்சு எரிச்சாங்க. அது எரிஞ்ச சூட்டுலதான் நான் குடம் ஆனேன். என்னைக் கூப்பிட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கலை."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். சிரித்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு குடமும் சிரிக்கவில்லை. சிவப்புக் குடம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. பச்சைக் குடம் எங்கேயும் பார்க்கவில்லை. லாரி வந்து நின்றது, குழாயை மாட்டினார்கள், பெண்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

தினமும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிற நீலக் குடம் மெல்ல நகர்ந்து மஞ்சள் குடத்தோடு ஒட்டி நின்றது. வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டது.

"அக்கா, உன்னோடதும் அம்மான்னுதான் கூப்பிட்டுச்சா?"